தையல் மிஷின் சின்னத்தில் ஒரு பத்திரிகைக்காரி

இருபத்திரண்டு வருடங்கள் நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் வேலை செய்தேன். அவற்றில் கடைசிப் பத்து வருடங்கள், புதன்கிழமைதோறும் வரும் நகரப் பக்கம் என் பொறுப்பில் இருந்தது. எரியாத தெருவிளக்கு, மழை பெய்தால் வீட்டுக்குள் ஏறும் சாக்கடைக் கான் தண்ணீர், தமிழ்க் குடும்பத்துக்குச் சிங்களத்தில் வந்து சேரும் கடிதம், பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து மாறியதால் பாடசாலையில் சேர முடியாமல் நிற்கும் பிள்ளை. இவைதான் என் செய்திகள். அரசியல் பக்கத்தில் இருந்தவர்கள் அமைச்சர்களோடு தேநீர் குடித்தார்கள். நான் கானோரத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்று குறிப்பெடுத்தேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

நாங்கள் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில். கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் மூன்றாம் மாடி. என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், கணிதம் படிப்பிக்கும் டியூஷன் மாஸ்டர். பின்னேரமானால் எங்கள் வீட்டு ஹோலில் நாற்காலி போட இடமிராது. நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். அப்பா அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலை தேடி வந்து புறக்கோட்டை இரும்புக் கடையொன்றில் வேலைக்கு நின்றவர். அதனால் நகரப் பக்கத்துக்குச் செய்தி குறைந்தால் கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறிவிடுவேன். அங்கே எனக்குச் செய்தி இல்லாத தெரு கிடையாது.

நான் அதிகம் எழுதியது அங்குள்ள சிறு சந்தையொன்றில் வியாபாரம் செய்யும் பெண்களைப் பற்றித்தான். காலை ஐந்து மணிக்குக் கூடையோடு வந்து உட்காருபவர்கள், பகல் இரண்டு மணி வரைக்கும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் எங்கே போவது? சந்தைக்குப் பின்னால் இருந்த பழைய மலசலகூடம் பூட்டிக் கிடந்தது. முதல் தடவை அதைப் பற்றி எழுதியபோது பூட்டிய கதவைப் படம் எடுத்து, பெரிதாகப் போட்டேன். சந்தைக்குப் பொறுப்பான மேற்பார்வையாளர் அதைப் பூட்டி வைத்துத் துடைப்பமும் வாளியும் அடுக்கும் களஞ்சியமாகப் பாவிக்கிறார் என்று எழுதினேன். மூன்று பெண்கள் அப்படித்தான் சொன்னார்கள். அவருக்கு ஒரு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. அடுத்த மாதம் அவருக்கு இடமாற்றம் கிடைத்தது. அதையும் ‘நகரப் பக்கத்தின் எதிரொலி’ என்று பெட்டிச் செய்தியாகப் போட்டேன். அன்று கந்தோரில் எல்லோருக்கும் ரோல்ஸ், பற்றிஸ் என்று சோட்டீஸ் வாங்கிக் கொடுத்தது ஞாபகம். பூட்டு மட்டும் கதவிலேயே இருந்தது.

அதன் பிறகும் ஏழெட்டுத் தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் ‘கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு பதில் வரும். கடைசியாக ஒரு நாள் போனபோது, சந்தை வாசலில் கீரை விற்கும் பெண், நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், என்னைப் பார்த்ததும் கையிலிருந்த வல்லாரைக் கட்டைக் கீழே வைத்தாள்.

“வாங்கக்கா. திரும்ப எழுதப் போறீங்களா?”

“ஆமா. இந்த வாரம் முன்பக்கத்துல கேட்டிருக்கேன்” என்றேன் பெருமையாக.

“எழுதுங்க. புதன்கிழமை பேப்பர் வரும். வியாழக்கிழமை அதுல நான் கீரை சுத்திக் குடுப்பேன். வெள்ளிக்கிழமை நீங்க வந்து, என்ன ஆச்சுன்னு கேப்பீங்க.” பக்கத்தில் மீன் விற்கும் பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “கோவிச்சுக்காதீங்கக்கா. வெளிய நின்னு கத்துறதுக்குத்தான் நாங்க இருக்கோமே. படிச்சவங்க நீங்க, உள்ள போங்களேன்.”

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெள்ளவத்தை வரும் வரைக்கும் அவளுக்கு மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். இறங்கும்போது ‘உள்ள போங்களேன்’ என்பது மட்டும் காதில் மிச்சமிருந்தது.

அந்த வருடம் உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி அம்மா ஒருவர், ஒரு வைத்தியர், பாத்திரக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பர் என்று சிலர் சேர்ந்து ஒரு சுயேச்சைக் குழு தொடங்கியிருந்தார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு வட்டாரத்துக்கு ஆள் வேண்டுமென்று என்னைத் தேடி வந்தார்கள். வழக்கமாக இப்படி யாராவது வந்தால் நான் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவேன். அன்றைக்கு, “யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். அவர்கள் போனதும் என் கணவர் வெண்கட்டி படிந்த கையைக் கூடக் கழுவாமல் குசினி வாசலில் வந்து நின்றார்.

“என்ன யோசிக்கப் போறீர்? விசர்க் கதை கதைக்காதையும். உமக்கு ஆக்களைத் திட்டத் தெரியும். ஆக்களிட்டத் திட்டு வாங்கத் தெரியுமே?”

“உங்ககிட்ட இத்தனை வருஷமா வாங்கலியா?”

அவர் சிரித்துவிட்டார். சிரித்தால் அவர் தோற்றுவிட்டார் என்று அர்த்தம்.

வேலையை விடுவதாக ஆசிரியரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். “தோத்தால் அடுத்த நாளே வாரும், உம்மட மேசை இருக்கும். வெண்டால் இந்தப் பக்கம் வரவேண்டாம். உம்மைப் பற்றி எழுதவேண்டி வரும்” என்றார். அந்தப் புதன்கிழமை நகரப் பக்கத்தில் என் பெயர் இல்லாததைப் பார்த்தபோது பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். அது ஒரு நாள்தான். அடுத்த நாள் சின்னம் வந்துவிட்டது.

எங்கள் குழுவுக்குக் கிடைத்த சின்னம் தையல் மிஷின்.

துண்டுப்பிரசுரத்தை எடுத்துக்கொண்டு முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த வீட்டுப் பெண் படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “எப்பக்கா மிஷின் குடுப்பீங்க? எனக்கு மோட்டார் வச்சது வேணும்” என்றாள். இரண்டாவது வீட்டிலும் அதே கேள்வி. நான்காவது வீட்டுக்குப் போவதற்குள் செய்தி எனக்கு முன்னால் ஓடிவிட்டது. தெரு மூலையில் பெண்கள் அடையாள அட்டையோடு வரிசையில் நின்றார்கள். மிஷின் தரமாட்டேன், அது வெறும் சின்னம் என்று சொல்லிச் சொல்லிக் குரல் கட்டிப்போனது. “அப்ப என்னதான் தருவீங்க?” என்று கேட்ட ஒருத்தியிடம், வேறொன்றும் தோன்றாமல், “ஒரு நல்ல மலசலகூடம்” என்றேன். வரிசையே சிரித்தது. ஆனால் வீட்டுக்குப் போகாமல் நின்று கேட்டது. அன்று மாலைக்குள் பிள்ளைகள் என் பின்னால் டக்கு டக்கு டக்கு என்று மிஷின் சத்தம் போட்டுக்கொண்டு ஓடிவரத் தொடங்கினார்கள். ஊர்வலம் வைக்கக் குழுவிடம் வசதியில்லை. ஊர்வலம் தானாகவே வந்தது.

“வெள்ளவத்தைக்குப் போனவ இப்பத்தான் நம்மள கண்டாளாக்கும்” என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களோடு வாக்குவாதம் செய்யவில்லை. நான் படித்த பாடசாலை, அப்பா தலைமுடி வெட்டிய சலூன், நான் விழுந்து முழங்கால் உடைத்துக்கொண்ட படிக்கட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பை நிறுத்திவிட்டு, எந்த ஒழுங்கைக்குப் போனோம், எதற்குப் போகவில்லை என்று கட்டக் கொப்பியில் வரைபடம் வரைந்தார். நான் அரசியலுக்குப் போகவேண்டாம் என்ற மனிதர், வெயிலில் குடையோடு நின்று, “வலப் பக்கம் மூண்டாவது வீடு விடுபட்டிட்டுது” என்று என்னைத் திருப்பி அனுப்புவார்.

வட்டாரத்தில் நான் தோற்றேன். இரண்டாவதாக வந்தேன். தேர்தலுக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய மேசைக்குத் திரும்பிப் போகலாம் என்ற நினைப்போடு தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது வங்கி அம்மா போன் செய்தார். குழு எல்லா வட்டாரங்களிலும் சேர்த்து எடுத்த வாக்குகளுக்கு மாநகர சபையில் ஓர் ஆசனம் கிடைத்திருந்தது. அதற்கு ஒருவரைக் குழுவே அனுப்ப வேண்டும்.

“யாரை அனுப்பப் போறீங்க?” என்று கேட்டேன்.

“என்ன கேள்வி பிள்ளை இது? ஆகக் கூட வாக்கெடுத்தது நீர்தானே. சீலையை அயர்ன் பண்ணும்.”

துருவலையைக் கீழே போட்டுவிட்டு ஹோலுக்கு ஓடினேன். என் கணவர் பதினைந்து பிள்ளைகளுக்கு முன்னால் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டின் பாதியில் நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. மிச்சப் பாதியை அழித்துவிட்டு, “இண்டைக்கு வகுப்பு முடிஞ்சுது. எல்லாரும் வடை சாப்பிட்டிட்டுப் போங்கோ” என்றார். அவர் ஒரு கணக்கைப் பாதியில் விட்டதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

சபையில் பெரும்பாலான பேச்சு சிங்களத்தில் நடக்கும். எனக்குக் கொட்டாஞ்சேனைத் தெருவில் பழகிய சிங்களம் நன்றாக வரும். வாசிக்கத்தான் வராது. அதற்காக முதல் ஆறு வாரம் தினமும் காலையில் ஒரு மணி நேரம் கூட்டக் குறிப்புகளை எழுத்துக் கூட்டி வாசித்துப் பழகினேன். சந்தைக்கு மலசலகூடம் கேட்கும் பிரேரணைக்கான என் முதல் பேச்சை முதலில் தமிழில் எழுதி, பிறகு சிங்களத்தில் எழுதி, கண்ணாடிக்கு முன்னால் நின்று மனப்பாடம் செய்தேன். தமிழில் நன்றாகப் போனது. சிங்களத்துக்கு மாறியதும், மலசலகூடத்துக்கு நான் பாடமாக்கியிருந்த அழகான சொல் சுத்தமாக மறந்துபோனது. நகரப் பக்கத்தில் பத்து வருடம் எழுதியவள், அத்தனை பேருக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். பிறகு சந்தையில் எல்லோரும் சொல்கிற சொல்லே வாயில் வந்துவிட்டது.

“அந்தப் பெண்களுக்கு ஒரு கக்கூசி வேண்டும்” என்றேன்.

அடுத்த கணம் பின்வரிசையில் ஒருவர் வெடித்துச் சிரித்தார். பிறகு முன்வரிசை. பிறகு மொழிபெயர்ப்பாளர். சபைத் தலைவர் மேசையைத் தட்டினார், ஆனால் அவருக்கும் உதடு துடித்தது. எனக்கு முகமெல்லாம் சூடு. ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் சிரித்தவர்கள் எல்லோரும் இப்போது என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. அரைத் தூக்கத்தில் இருந்தவர்கள்கூட. அதனால் நின்றேன்.

“சிரியுங்கள். ஆனால் காலை ஐந்து மணியிலிருந்து பகல் இரண்டு மணி வரைக்கும் உங்களில் யாராவது ஒருவர் போகாமல் இருந்து காட்டுங்கள். நான் இப்போதே உட்கார்ந்துவிடுகிறேன்.”

இந்தத் தடவையும் சிரித்தார்கள். அது வேறு சிரிப்பு. பிரேரணையை எதிர்த்து ஒருவரும் கை தூக்கவில்லை.

அடுத்த வாரம் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பொறியியலாளரைப் பார்க்கப் போனேன். நகரப் பக்கத்தில் நான் அதிகம் திட்டிய மனிதர் அவர். சிங்களவர், ஐம்பது வயதுக்கு மேல், மெலிந்த உருவம். நான் கதவைத் திறந்ததும் எழுந்து நின்றார்.

“உங்களை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும் மெடம். முகம் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்” என்றார் சிங்களத்தில். அலுமாரியிலிருந்து ஒரு தடித்த கோப்பை எடுத்து மேசையில் வைத்தார். திறந்தால், என் கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் சிங்கள மொழிபெயர்ப்பு, அடிக்கோடுகளோடு. “எங்கள் கிளார்க் ஒருவர் தமிழ். புதன்கிழமை காலையில் அவருக்கு முதல் வேலை இதுதான். என்னை எப்படித் திட்டியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டுமல்லவா?”

“மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கா?” என்று கேட்டேன்.

“கிளார்க் நல்லவர். கடுமையான சொற்களைக் கொஞ்சம் குறைத்துவிடுவார்.”

இருவரும் சிரித்தோம். இந்த ஆளோடு வேலை செய்யலாம் என்று தோன்றியது. அவர் வரிசையாகச் சொன்னார். பழைய இடத்தில் திரும்பக் கட்ட முடியாது, நிலம் உள்ளே இறங்கிவிட்டது. சந்தைக்கு முன்னால் கட்டக் கடைக்காரர்கள் விடமாட்டார்கள். பக்கத்தில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. ஆனால் கழிவுநீர்க் குழாய் அந்தப் பக்கம் எங்கே போகிறது என்று காட்டும் வரைபடம் இல்லை. சும்மா தோண்டிப் பார்த்தால் பாதித் தெருவைத் தோண்ட வேண்டி வரும்.

“நிலம் இறங்கிவிட்டதா? எப்போது?” என்றேன்.

கோப்பின் அடியிலிருந்து ஒரு பக்கத்தை உருவி என் முன்னால் வைத்தார். என் முதல் கட்டுரை. நான் எடுத்த படம். பூட்டிய கதவில், பூட்டுக்கு மேலே, பாதி கிழிந்த ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அந்தப் படத்தை நான் நூறு தடவை பார்த்திருப்பேன். காகிதத்தைப் பார்த்ததே இல்லை.

“இப்போது உங்களுக்கு வாசிக்க வரும் என்று கேள்விப்பட்டேன். வாசியுங்கள்.”

கையால் எழுதிய சிங்கள எழுத்து. எழுத்துக் கூட்டினேன். அனதுரய். ஆபத்து. நிலம் இறங்குகிறது, உள்ளே போக வேண்டாம்.

“மேற்பார்வையாளர் எழுதி ஒட்டியது” என்றார் பொறியியலாளர். “அவருக்குத் தமிழ் எழுதத் தெரியாது. துடைப்பம் வைத்தது உள்ளே இல்லை, பக்கத்துத் தகரக் கொட்டிலில். நான் அப்போது இங்கே புதிது. மேலிடத்துக்கு விளங்கப்படுத்துவதற்குள் அவருக்கு மாற்றம் வந்துவிட்டது.”

காது இரண்டும் சூடாகிவிட்டன. தமிழில் அறிவித்தல் இல்லையென்று பத்து வருடம் எழுதியவள் நான். என் கண்ணுக்கு முன்னால் ஒட்டியிருந்த அறிவித்தலை வாசிக்கத் தெரியாமல், வாசித்துக் காட்டச் சொல்லி ஒருவரிடமும் கேட்காமல், ஒரு மனிதனைக் கள்வன் மாதிரி எழுதியிருக்கிறேன். சோட்டீஸ் வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த மேற்பார்வையாளர் ஓய்வுபெற்று நுகேகொடையில் இருந்தார். பொறியியலாளரே விலாசம் வாங்கித் தந்தார். வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். “சனிக்கிழமை நானும் வாறன்” என்றார். இதரை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு ஓட்டோவில் போனோம். வழி முழுக்க நான் சொல்லவேண்டியதைச் சிங்களத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வீட்டு முற்றம் முழுக்க அந்தூரியம் சட்டிகள். சாரமும் பனியனுமாக உயரமான ஒரு மனிதர் வலைப்பந்தலுக்குக் கீழே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் கையிலிருந்த வாளியை வைத்தார். உட்காரச் சொன்னார். அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உட்காராமல், கதவோரமாக நின்றார்.

“மாத்தயா, நான் எழுதியது பிழை. அந்த அறிவித்தலைப் போன கிழமைதான் வாசித்தேன். மன்னிப்புக் கேட்க வந்தேன்.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நீங்கள் எனக்கு ஒரே ஒரு கோல்தான் எடுத்தீர்கள்” என்றார். “அப்போது நான் கானுக்குள் இறங்கி நின்றேன். போன் மேலே, சட்டைப்பையில். அந்தப் பேப்பரை என் மகளின் வகுப்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை கொண்டுவந்து, அவளுக்குச் சிங்களத்தில் வாசித்துக் காட்டியது. கெட்ட எண்ணத்தில் இல்லை. உன் அப்பா பேப்பரில் வந்திருக்கிறார் என்று சந்தோஷமாகத்தான் கொண்டுவந்தது.”

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் திரும்பவும் மன்னிப்புக் கேட்டேன்.

“இங்கே கேட்டால் என் பூச்சட்டிகளுக்குத்தான் கேட்கும்” என்றார் அவர். “பேப்பரில் கேளுங்கள்.”

“கேட்கிறேன். சிங்களப் பேப்பரிலா, தமிழ்ப் பேப்பரிலா?”

“எதில் எழுதினீர்களோ அதில்.”

அவ்வளவுதான். தேநீரைக் குடித்துவிட்டு வந்தோம். வாழைப்பழத்தை அவர் மனைவி வாங்கிக்கொண்டார் என்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

திங்கட்கிழமை ஆசிரியர் முன்னால் போய் உட்கார்ந்து, எழுதியதை நீட்டினேன். அவர் இரண்டு தடவை வாசித்தார். “அரசியல்வாதியின்ர பிழையை நாங்கள் எழுதினால் வழக்குப் போடுவினம். நீர் என்னடா எண்டால் கையில எழுதிக் கொண்டுவந்து தாறீர்” என்றார். அதே பக்கத்தில், அதே அளவில், அதே படத்தோடு போட்டார். கதவிலிருந்த காகிதத்தைச் சுற்றி ஒரு வட்டம், கீழே அதன் தமிழ். தலைப்பு என்னுடையது: ‘நான் வாசிக்காத அறிவித்தல்’.

புதன்கிழமை பேப்பர் வந்த காலையிலேயே என்னை எதிர்த்தவர்கள் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். ‘பொய் எழுதிய உறுப்பினர்’ என்று மேலே எழுதியிருந்தது. எங்கள் குழுவில் சிலருக்குக் கவலை. வீட்டில் இருக்க முடியாமல் சந்தைக்குப் போனேன். கீரைக்காரி பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து என்னை உட்கார வைத்தாள்.

“வாசிச்சேன்கா. தொடப்பம் வைக்கிறாருன்னு ஒங்களுக்குச் சொன்ன மூணு பேர்ல நானும் ஒருத்தி. யாரோ சொன்னாங்க, நானும் சொன்னேன். ஒங்க பேரை மட்டும் போட்டிருக்கீங்களே, எங்க பேரையும் போட்டிருக்கலாம்ல?”

“எழுதினது நான்தானே.”

“சரி, விடுங்க. அந்த மாத்தயா வந்தா நாங்களும் சொல்லணும்.”

அவர் வந்தார். நான் நினைத்ததற்கும் முன்னாலேயே. இரண்டு நாள் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து ஒரு கோல்.

“பேப்பர் கிடைத்தது. மகள் ப்ரேம் போட வேண்டும் என்கிறாள்.” குரலில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. “அது சரி, கக்கூசியை எங்கே கட்டப் போகிறீர்கள்? சபையில் பெரிய பேச்செல்லாம் பேசினீர்களாமே.”

நிலம் இருக்கிறது, குழாய் எங்கே போகிறதென்றுதான் ஒருவருக்கும் தெரியாது என்றேன்.

“ஒருவருக்கும் தெரியாதா? பதினாறு வருடம் அந்தக் கானுக்குள் இறங்கி ஏறியது யார்? நாளைக் காலை எட்டு மணிக்கு வருகிறேன். அந்தப் பொறியியலாளரையும் நிற்கச் சொல்லுங்கள்.”

மறுநாள் காலை அவர் வெள்ளைச் சட்டை, காற்சட்டை, கையில் குடையோடு வந்து இறங்கினார். பொறியியலாளரும் நான்கு தொழிலாளர்களும் நின்றார்கள். சந்தைப் பெண்கள் வியாபாரத்தை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். அவர் குடையை மடக்கினார். பழைய தண்ணீர்க் குழாயடியில் போய் நின்றார். சுவரைப் பார்த்து நேராகப் பத்து எட்டு எடுத்து வைத்தார். இடப்பக்கம் திரும்பி நான்கு. குடையின் நுனியால் தரையில் ஒரு கோடு கிழித்தார்.

“இங்கே. நான்கு அடி ஆழத்துக்குள்.”

தோண்டத் தொடங்கினார்கள். என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை, போய்ப் போய் எட்டிப் பார்த்தேன். முதல் ஒரு மணி நேரம் வெறும் மண்ணும் உடைந்த செங்கல்லும். பொறியியலாளர் நெற்றியைத் துடைத்தார். மேற்பார்வையாளர் மட்டும் ஒரு மரக்கறிப் பெட்டியில் உட்கார்ந்து நிம்மதியாகப் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். பிறகு அலவாங்குக் கம்பி எதிலோ பட்டு டங் என்றது.

நான் தேர்தலுக்கு அடுத்த நாள்கூட அப்படிக் கத்தியதில்லை. மீன்காரப் பெண்கள் கை தட்டினார்கள். பொறியியலாளர் குழிக்குள் குனிந்து குழாயைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, மேற்பார்வையாளரின் கையைப் பிடித்து இரண்டு தடவை குலுக்கினார். கீரைக்காரி வல்லாரை, பொன்னாங்காணி, அகத்தி என்று கை நிறையக் கட்டுகளை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

“மாத்தயா, அன்றைக்கு நாங்கள் தெரியாமல் சொல்லிவிட்டோம்” என்றாள் சிங்களத்தில்.

“தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டீர்கள்” என்றார் அவர். கீரையை வாங்கிக்கொண்டு, “அகத்தி என் மனைவிக்குப் பிடிக்காது. வல்லாரை இன்னும் ஒரு கட்டுத் தா” என்றார்.

கட்டி முடிய எட்டு மாதம் எடுத்தது. ஓடு பதிப்பதில் தாமதம், கதவு சரியாக வராமல் திருப்பி அனுப்பியது, மழை. நான் வாரத்தில் மூன்று நாள் போய் நின்றேன். கொத்தனாருக்கு என்னைக் கண்டாலே தலைவலி. வாசலில் என் பெயரைப் பொறித்த கல் வைக்க வேண்டும் என்று குழுவில் ஒருவர் சொன்னார். மலசலகூடத்து வாசலிலா என் பெயர் என்று என் கணவர் கேட்டதும் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. மூன்று மொழியிலும் ‘பெண்கள்’ என்று மட்டும் எழுதினோம். மூன்றையும் எழுத்து எழுத்தாக நானே சரிபார்த்தேன்.

திறப்பு விழா காலை பத்து மணிக்கு. வாழை கட்டி, நாடா கட்டி, குத்துவிளக்கும் வைத்தாயிற்று. மேற்பார்வையாளர் மனைவியோடும் மகளோடும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிரதம விருந்தினரைக் காணவில்லை. பத்தேகால். பத்தரை. வாகன நெரிசலில் நிற்பதாகப் போன் வந்தது. நான் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் கீரைக்காரியின் குரல் கேட்டது.

“அக்கா, எவ்வளவு நேரம்தான் நாடாவ பாத்துக்கிட்டு நிக்கிறது? காலையில மூணு டம்ளர் தண்ணி குடிச்சேன், இன்னிக்கித் தெறக்கிறாங்கன்னு நம்பி.”

நான் திரும்புவதற்குள் அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, நாடாவுக்குக் கீழே நுழைந்து உள்ளே போய்விட்டாள். உள்ளே கதவு சாத்தும் சத்தம். பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம். அவ்வளவு கம்பீரமான சத்தத்தை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, “நல்லா இருக்கு” என்றாள்.

அதன் பிறகு மீன்காரப் பெண்கள், வெற்றிலை விற்பவர்கள், தெருவில் போன பாடசாலைப் பிள்ளைகள், ஒவ்வொருவராகக் குனிந்து குனிந்து உள்ளே போனார்கள். மேற்பார்வையாளரின் மனைவியும் போய்விட்டு வந்தார். மேற்பார்வையாளர் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, மகளின் கைக்குட்டையை வாங்கித் துடைத்தார். பிரதம விருந்தினர் வந்து சேர்ந்தபோது உள்ளே தரையெல்லாம் ஈரக் கால்தடம். அவர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “வெட்டுங்க சேர், அது அப்பிடியேதான் இருக்கு” என்றேன். நல்ல மனிதர், வெட்டினார். எல்லோரும் கை தட்டினோம்.

அடுத்த புதன்கிழமை காலை என் கணவர் பத்திரிகையை விரித்துக்கொண்டு ஹோலில் இருந்து சத்தமாக வாசித்தார். நகரப் பக்கத்தை இப்போது எழுதும் பெண் நிருபர் விழாவைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தார். மிச்சமெல்லாம் வேறு. உள்ளே பை மாட்டக் கொளுக்கி இல்லை. சவர்க்காரம் வைக்கும் தட்டு உயரம், குட்டையானவர்களுக்கு எட்டாது. இதைக் கட்டுவித்த உறுப்பினர் ஒரு தடவையாவது கைப்பையோடு உள்ளே போய்ப் பார்த்தாரா?

“திட்டு வாங்கத் தெரியுமோ எண்டு அண்டைக்குக் கேட்டனான்” என்றார் கணவர், கண்ணாடிக்கு மேலால் பார்த்து.

“தெரியும். அவ கேட்டது சரிதானே, நான் கைப்பையை வெளிய உங்ககிட்ட குடுத்துட்டுத்தான் போனேன்” என்று சொல்லிக்கொண்டே பொறியியலாளருக்குப் போன் எடுத்தேன். எனக்கு ஏனோ வாயெல்லாம் சிரிப்பு.

“மெடம், மொழிபெயர்ப்பு என் மேசையில் இருக்கிறது” என்றார் அவர். “கொளுக்கிக்கு ஆள் அனுப்பியாயிற்று. ஆனால் உங்களைத் திட்டிய இடத்தைக் கிளார்க் கொஞ்சம் குறைத்திருக்கிறார் போல இருக்கிறது. அசலில் என்ன இருக்கிறது, வாசித்துக் காட்டுங்கள்.”

நான் பத்திரிகையைக் கணவரிடமிருந்து வாங்கி, ஒரு சொல் விடாமல், சிங்களத்தில் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.